குடிசையில் பிறந்த பல்கலைக்கழகம்

மலையிலிருந்து இறங்கிவரும் நீர் பாறையில் மோதிச் சிதறினாலும் நீர்தான். வாய்க்காலில் திரும்பி வயலை அடைந்தாலும் நீர்தான். உழவன் பாறையைக் கண்டு சினந்து நிற்பதில்லை. மண்வெட்டியை எடுத்துக் கரையை வெட்டி, நீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறான். மனிதனுக்கு வாய்த்திருக்கும் ஆற்றலும் இத்தகையதே. அதனை எதன்மேல் செலவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே வாழ்வின் விளைச்சல் அமைகிறது. தன்னை வருத்தியவற்றோடு போராடியே ஓய்ந்துபோனவர் பலர். தாம் விரும்பிய ஒன்றை எழுப்புவதிலேயே முழு ஆற்றலையும் செலுத்தி வென்றவர் சிலர். அச்சிலருள் ஒருவரே தோண்டோ கேசவ கார்வே என்னும் பெரியார்.

புனே நகரில் வாழும் நம்மவர் நாள்தோறும் கார்வே சாலை வழியே அலுவலகம் செல்கின்றனர். கோத்ரூட்டில் கார்வே சிலையருகே பேருந்துக்குக் காத்து நிற்கின்றனர். மும்பையிலுள்ள நம் உறவினரோ மகரிஷி கார்வே சாலையைக் கடந்து மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகின்றனர். பெயர் நம் நாவில் பழகிவிட்டது. அப்பெயருக்கு உரியவரின் வாழ்வை நம் குழந்தைகள் அறிந்திருக்கின்றனரா என்பது ஐயமே. பிழைப்பைத் தேடி வந்து இம்மண்ணின் உப்பை உண்ணும் நாம், இம்மண் ஈன்ற பெருமக்களை அறிந்துகொள்வது கடமையும் ஆகும், நன்மையும் ஆகும்.

கார்வே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கொங்கண நாட்டில், இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த சேராவலி என்னும் சிற்றூரில் பிறந்தார். கடலோரத்தில் உள்ள முருட் என்னும் ஊரே அவர்தம் குடும்பத்தின் ஊர். குலப்பெருமை இருந்தது, செல்வம் இல்லை. சிறுவரோ மிகுந்த கூச்சம் உடையவர். நாலு பேர் முன்னிலையில் வாய் திறக்கவும் நாணுவார். நாவன்மையால் நாட்டை ஆட்டிவைத்த பெருந்தலைவர்கள் உலவிய பூனா நகரில், நாவன்மை இல்லாத இம்மனிதர் பின்னாளில் செய்த காரியங்களை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

பதினேழு வயதளவில் பள்ளித் தேர்வு ஒன்றை எழுதுவதற்காக அவர் சாதாரா நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. தோழர் சிலருடன் மலைக்கணவாய் வழியாக நூறு மைலுக்கு மேல் கால்நடையாகவே நடந்தார். கால்கள் வீங்கப் போய்ச் சேர்ந்தவரைக் கண்ட தேர்வுக் குழுவினர், உரிய வயதினராகத் தோன்றவில்லை எனக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். மெலிந்த உடலும் சிறுத்த உருவமும் அவருக்குச் செய்த தீங்கு அது. வேறொருவராயின் அக்குழுவினரைத் தூற்றியே ஓராண்டைக் கழித்திருப்பார். கார்வே வீடு திரும்பினார், மறுபடியும் படித்தார், மறு ஆண்டு கோல்காப்பூருக்குச் சென்று அத்தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் வரப்போகும் நீண்ட வாழ்வின் சாயல் இச்சிறு நிகழ்ச்சியிலேயே தெரிகிறது.

வறுமையின் காரணமாக ஆங்கிலக் கல்வி தாமதமாகவே கிட்டியது. 1881இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. பம்பாயில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1884இல் கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தும், வீடுவீடாகச் சென்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லியும் பொருள் ஈட்டினார். வருவாய் குறைவாக இருந்தபோதும் அதில் ஒரு பகுதியை முருட் ஊரின் நலத்திற்கென ஒதுக்கிவந்தார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1891ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் இரு பெரும் நிகழ்ச்சிகள் நேர்ந்தன. இளமையிலேயே மணந்த மனைவி ராதாபாய், சிறுமகன் இரகுநாதனை விட்டுவிட்டு இறந்தார். அதே ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்றுக் கார்வே பூனாவில் பெர்குஸன் கல்லூரியின் கணித ஆசிரியர் ஆனார். மனைவியை இழந்த முப்பத்து மூன்று வயது ஆடவன் மறுமணம் செய்துகொள்வதை அன்றைய சமூகம் இயல்பாகவே கருதியது. பத்து வயதுச் சிறுமியைக் கொடுக்கவும் பெற்றோர் காத்திருந்தனர். ஆனால் கணவனை இழந்த எட்டு வயதுக் குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் நோன்பும் இருளுமே விதி. இந்த அநீதி கார்வேயின் நெஞ்சை உறுத்தியது. மறுமணம் செய்வதாயின் ஒரு கைம்பெண்ணையே மணப்பது என உறுதிகொண்டார்.

விதவை மணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே, அதாவது கார்வே பிறப்பதற்கு முன்பே, நிறைவேறியிருந்தது. ஆயினும் சட்டம் ஏட்டளவில் இருந்ததே அன்றி வீட்டுக்குள் நுழையவில்லை. 1870இல் பூனாவில் சாத்திர வல்லுநர்கள் கூடி இதுபற்றிப் பெரும் வாதம் நிகழ்த்தினர். அதில் சீர்திருத்தக் கட்சி தோல்வியே கண்டது. வாதங்கள் நடந்தன, கண்டனக் கூட்டங்கள் நடந்தன, பத்திரிகைகளில் மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும் வெளிவந்தன. மூலையில் ஒடுங்கியிருந்த சிறுமியின் நிலை மட்டும் மாறவில்லை.

கார்வேயின் நண்பர் ஒருவரின் தங்கை கோதுபாய். எட்டு வயதிலேயே கணவனை இழந்தவர். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனத்தில் சேர்ந்து படித்தவர். 1893ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கார்வே அவரைப் பூனாவில் மணந்தார். திருமணத்தின் பின் அவ்வம்மையார் ஆனந்திபாய் எனப் பெயர் பெற்றார்.

இடி அதன்பின் விழுந்தது. மணமக்கள் முருட் சென்றபோது ஊரார் கூடி அவர்களைச் சாதியினின்றும் விலக்கித் தீர்மானம் செய்தனர். அவர்களை வீட்டில் ஏற்கும் உறவினரும் விலக்கப்படுவர் என்று அச்சுறுத்தினர். முதிய தாய் தம் மகனை மனமார வரவேற்க இயலாத நிலை ஏற்பட்டது. தம் குறைந்த வருவாயிலிருந்து எந்த ஊருக்காகப் பொருள் ஒதுக்கினாரோ, அந்த ஊரே அவருக்கு வாசலை அடைத்தது. இதனினும் கசப்பான அனுபவம் ஒருவருக்கு வாய்க்குமா? ஆனால் அவர் ஊரின்மேல் பகை பாராட்டவில்லை; பழிக்குப் பழி தேடவும் இல்லை. பூனாவுக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே விதவை மணத்தை ஊக்குவிக்கும் கழகம் ஒன்றை நிறுவினார். கைம்பெண்ணை மணந்தவர்கள் ஒருவரையொருவர் அறியவும் துணைசெய்யவும் அது உதவியது. இரண்டு ஆண்டுகள் உழைத்தபின் அவர் ஓர் உண்மையைக் கண்டார். இத்தகைய திருமணங்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே நடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊரெங்கும் எதிர்ப்பு. ஒவ்வொரு எதிர்ப்புக்கும் மறுமொழி. இவ்வாறே சென்றால் நூறாண்டு சென்றாலும் சில நூறு பெண்களுக்கே வாழ்வு கிட்டும். எஞ்சிய பல்லாயிரவர் யாது செய்வர்? 1895இல் கழகத்தின் பெயரையே அவர் மாற்றினார். விதவை மணத்தை ஊக்குவிக்கும் கழகம், அம்மணத்துக்குரிய தடைகளை நீக்கும் கழகம் ஆயிற்று. பின்னர் அத்தடைகளின் வேரையும் ஆராய்ந்தார். அறியாமையும், பிறரை அண்டி வாழும் நிலையுமே வேர் எனக் கண்டார். கைம்பெண் கல்வி பெற்றுத் தன் காலில் நிற்பாளாயின், மறுமணம் செய்வதும் செய்யாதிருப்பதும் அவளுடைய விருப்பத்தின்பாற்படும். அப்போது எந்த ஊரும் அவளை விலக்கி அழிக்க இயலாது.

இத்தெளிவின் பயனாக 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் அநாத பாலிகாசிரமக் கழகம் தோன்றியது. பேரறிஞர் இராமகிருஷ்ண கோபால பண்டார்கர் அதன் தலைவரானார். கார்வே தம் சேமிப்பையே முதல் நன்கொடையாக வழங்கினார். 1899இல் பூனாவில் ஆசிரமம் தொடங்கியது. நகரைப் பிளேக் நோய் சூறையாடிய காலம் அது. மறு ஆண்டே, ஊருக்கு வெளியே நான்கு மைல் தொலைவில் இருந்த ஹிங்கணே என்னும் கிராமத்துக்கு ஆசிரமம் மாறியது. அறச்செல்வர் ஒருவர் ஆறு ஏக்கர் நிலம் வழங்கினார். அந்நிலத்தில் ஒரு குடிசை எழுந்தது. நல்ல பாதை இல்லை, விளக்கு இல்லை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு. பகலெல்லாம் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, மாலையில் அந்நான்கு மைல்களையும் நடந்து ஆசிரமம் சேர்வார். வேண்டிய பொருள்களைத் தாமே சுமந்து செல்வார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். காலையில் மீண்டும் கல்லூரிக்கு நடப்பார். பிள்ளைகள் அவரை அண்ணா என்றே அழைத்தனர். நம் செவிக்கும் இனிய அச்சொல், மராட்டியத்திலும் மூத்தவர்க்குரிய அன்புப் பெயரே.

ஆனால் இப்பாதையைத் தேர்ந்தமைக்கு அவர் கொடுத்த விலையை நாம் மறைத்தல் ஆகாது. பண்டித ரமாபாயின் சதனத்தில் சில மாணவியர் கிறித்துவ சமயத்தை நாடியதால் 1893இல் பெரும் கொந்தளிப்பு எழுந்து, பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றிருந்தனர். பெற்றோரின் நம்பிக்கையை இழந்தால் பெண்கள் மீண்டும் இருட்டறைக்கே செல்வர் என்பதைக் கார்வே உணர்ந்திருந்தார். ஆகவே ஆசிரமத்தில் மறுமணப் பிரசாரம் செய்வதில்லை எனும் நெறியை வகுத்தார். கைம்பெண்ணை மணந்தவரே மறுமணத்தைப் பேசாதிருப்பதா எனச் சீர்திருத்தக்காரர்கள் சினந்தனர். அவரைக் கோழை என்றும் எண்ணினர். வைதிகர்களோ அவரை நம்பவே இல்லை. இரு கரையினின்றும் கல் விழுந்தது. ஆசிரமத்தின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் பிராமணக் கைம்பெண்களே இடம்பெற்றனர் என்பதும் குறையே. எல்லாப் போரையும் ஒருங்கே தொடுக்காதவர், சில அநீதிகளைச் சில காலம் தீண்டாது விட்டுவைக்க நேர்கிறது. அது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அக்குடிசையில் அன்று எழுத்தறிந்த பெண்ணைக் கேட்டால் அவள் வேறு விடை தரக்கூடும்.

வீட்டிலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. சேமிப்பை ஆசிரமத்துக்குக் கொடுத்தவர், பின்னர் தம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸையும் அதற்கே எழுதிவைத்தார். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய ஆனந்திபாய்க்கு இது பெரும் மனத்தாங்கலைத் தந்தது. பெரியோரின் பெருமைக்கு அடியில் அவர்தம் இல்லத்தரசியரின் கண்ணீர் கசிந்திருப்பதைச் சரித்திரம் பல இடங்களில் மறந்துவிடுகிறது. நாம் மறக்க வேண்டுவதில்லை. ஆனந்திபாய் கணவரோடு வாதிட்டார், வீட்டைத் தாங்கினார், ஆசிரமப் பணிகளையும் ஏற்றார். அவருடைய தங்கையும் கைம்பெண்ணுமான பார்வதிபாய் ஆடவலே, ஆசிரமத்தில் கற்று, அதற்கே தம்மை ஒப்படைத்து, ஊர் ஊராக நிதி திரட்டினார். பின்னர் அமெரிக்கா வரை தனியே சென்று வந்தார். மூலையில் முடங்க வேண்டியவராக விதிக்கப்பட்ட ஒரு பெண்மணி கடல் கடந்து சென்றதைவிடச் சிறந்த மறுமொழி எந்த வாதத்தில் கிடைக்கும்?

ஒன்று முளைத்தபின் மற்றொன்றை நடுவது கார்வேயின் வழக்கம். 1907இல் எல்லாப் பெண்களுக்குமான மகிளா வித்யாலயத்தை நிறுவினார். 1908இல், இந்நிறுவனங்களுக்குத் தம்மை அர்ப்பணிக்கும் ஊழியர்களைப் பயிற்றுவதற்கென நிஷ்காம கர்ம மடத்தைத் தொடங்கினார். 1914இல் கல்லூரிப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். அப்போது வயது ஐம்பத்தாறு. ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயது அது.

ஜப்பானில் பெண்களுக்கென இயங்கிய பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு நூல் ஒன்று அவர் கைக்கு எட்டியிருந்தது. 1915இல் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டின் தலைமையுரையில் அவர் இந்தியப் பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார். கேட்டவர்களில் நகைத்தவரும் உண்டு. 1916ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் தோன்றியது. கல்லூரி வகுப்பில் சேர்ந்த மாணவியர் ஐவரே! தாய்மொழியே பயிற்று மொழி. ஆங்கிலம் கட்டாயப் பாடம். ஆங்கிலத்தைக் கட்டாயமாக்குவதில் காந்தியடிகளுக்கு உடன்பாடு இல்லை; எனினும் ஆண்டுக்குப் பத்து ரூபாய் அளித்து ஆதரித்தார். அரசாங்கத்தின் அங்கீகாரம் இல்லை. அதன் பட்டத்தைக் கொண்டு அரசாங்க வேலை பெற இயலாது. கார்வே அங்கீகாரம் வேண்டிக் காத்திருக்கவில்லை. மறுத்தவர்களோடு மல்லாடவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். சிறு தொகைகளையும் நன்றியுடன் பெற்றுக்கொண்டார். 1920இல் பம்பாய்ச் செல்வர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி பதினைந்து லட்ச ரூபாய் வழங்க முன்வந்தார். அவர்தம் அன்னையாரின் பெயரால் அது ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பெண்கள் பல்கலைக்கழகம் ஆயிற்று. எஸ்.என்.டி.டி. என்று நம் வீட்டுப் பெண்கள் சுருக்கமாகச் சொல்லும் கலைக்கூடம் அதுவே. 1951இல்தான் அது சட்டப்படியான பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கீகாரமின்றியே ஒரு பல்கலைக்கழகம் உயிர்வாழ்ந்தது என்றால், அதன் வேரில் ஊற்றப்பட்ட நீர் எத்தகையது என எண்ணிப் பாருங்கள்.

எழுபத்தோராம் வயதில், 1929இல், பெண் கல்வியின் செய்தியைச் சொல்லவும் நிதி திரட்டவும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளுக்குச் சென்றார். பெர்லினில் விஞ்ஞானி ஐன்ஸ்டைனைக் கண்டு அளவளாவினார். பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் சென்றார். 1936இல் பள்ளிக்கூடம் இல்லாத கிராமங்களில் தொடக்கப் பள்ளிகளை ஏற்படுத்த ஒரு கழகம் நிறுவி, அதற்கெனக் காசு காசாகத் திரட்டினார். முன்னே குறிப்பிட்ட குறையையும் அவர் மறந்தவரல்லர். 1944இல், எண்பத்தாறாம் வயதில், சாதி வேற்றுமை ஒழிந்து மக்கள் யாவரும் சமமாக வாழ வேண்டும் என்ற நோக்குடன் சமதா சங்கத்தைத் தொடங்கினார்.

காலம் மெல்ல மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் வழங்கின. 1955இல் பத்ம விபூஷண் விருதும், நூறு வயது நிறைந்த 1958இல் பாரத ரத்தினம் விருதும் வந்தடைந்தன. அவ்வாண்டு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையும் வெளியாயிற்று. 1950இல் ஆனந்திபாய் மறைந்துவிட்டமையால் இப்பெரும் சிறப்புக்களைக் காண அவர் இல்லை. 1962ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், நூற்று நான்காம் வயதில், கார்வே புனேயில் அமைதி எய்தினார். குடிசை நின்ற ஹிங்கணே இன்று கார்வே நகர் என வழங்குகிறது. சேறு நிறைந்த வழியில் நடந்தவரின் பெயரை ஒரு பெருஞ்சாலை தாங்கி நிற்கிறது.

இதே காலத்தில் நம் சென்னையிலும் இத்தகைய பணி நிகழ்ந்தது. இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி அம்மையார், 1911இல் பி.ஏ. பட்டம் பெற்று, கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்து, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தில் அவர்களை ஆசிரியைகளாக ஆக்கினார். ஊரின் ஏச்சை அவரும் கேட்டார். அவ்வேச்சுக்கு விடையாக ஆண்டுதோறும் பல ஆசிரியைகளை நாட்டுக்கு அளித்தார். வடக்கே மராட்டியத்திலும் தெற்கே தமிழகத்திலும் உயர்ந்த உள்ளங்கள் ஒரே வழியைக் கண்டன என்பது நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

கார்வேயின் வாழ்வு தீமையைக் கண்டும் காணாதிருக்கச் சொல்லவில்லை. தீமை அவரை மிக ஆழமாகவே புண்படுத்தியது. அப்புண்ணையே நாள்தோறும் கீறிக்கொண்டிருக்க அவர் மறுத்தார், அவ்வளவே. தம்மை விலக்கிய ஊரைத் திருத்துவதற்குச் செலவிட்டிருக்கக்கூடிய எழுபது ஆண்டுகளை, ஊர் விலக்கிய பெண்களுக்கு வீடு கட்டுவதில் செலவிட்டார். வீடு வளர்ந்தது, ஊர் தானே திருந்திற்று.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் குடியிருப்புக்களிலும் மனவருத்தங்களுக்குக் குறைவில்லை. குழந்தைகள் தமிழ் படிக்கவில்லை என்ற குறை உண்டு. நம்மை இவ்வூரார் மதிக்கவில்லை என்ற மனத்தாங்கல் உண்டு. சங்கத்தில் சென்ற ஆண்டு யார் யாரை என்ன சொன்னார் என்ற பேச்சும் உண்டு. இவற்றைப் பேசிக் கழியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஐந்து குழந்தைகளுக்கு உயிரெழுத்துக் கற்பிக்கலாம். ஐந்து பேர்தானே என்று தயங்க வேண்டியதில்லை. கார்வேயின் பல்கலைக்கழகமும் ஐவரோடுதான் தொடங்கிற்று.